தெர்ஸ்க் ஊர் மாட்டு டாக்டர் ஆல்ஃப் வைட்: புத்தகத்தை மூடிட்டு வேலையைப் பேசுவோம்

#1 மருதம்_கால்நடை (இழையைத் தொடங்கியவர்)

பிப்ரவரி 23 நெருங்கினால் நம்ம ஆட்கள் குழுக்களில் ஆல்ஃப் வைட் படம் ஒன்று சுற்றும். கீழே ஜேம்ஸ் ஹெரியட் என்ற புனைபெயர், எத்தனை கோடி பிரதி விற்றது, டிவி தொடர். அவ்வளவுதான். 1995ல் அந்தத் தேதியில் இறந்தவர் எழுத்தாளர் மட்டும் இல்லை. 1940 ஜூலையில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் தெர்ஸ்க் என்ற சின்ன சந்தை ஊருக்கு உதவி டாக்டராக வந்து, அந்த ஊர்ப் பெண்ணையே கட்டி, இரண்டு பிள்ளைகளை வளர்த்து, 1980கள் வரை தொழுவத்தில் கைவிட்டு வேலை பார்த்த மனிதர். முதல் புத்தகம் வந்தது 1970ல். அதற்கு முன்னால் முப்பது வருஷ வேலை இருக்கிறது. அந்த வேலையை யாரும் பேசுவதில்லை.

சுருக்கமாக: பிறந்தது சண்டர்லாண்ட், 1916 அக்டோபர் 3. பிறந்த சில வாரங்களில் குடும்பம் கிளாஸ்கோவுக்குப் போய்விட்டது. அப்பா, அம்மா இரண்டு பேரும் இசைக்காரர்கள். கிளாஸ்கோ கால்நடைக் கல்லூரியில் படித்து 1939 டிசம்பரில் தேறினார். சண்டர்லாண்டில் சில மாதம் வேலை, பிறகு தெர்ஸ்க்கில் டொனால்ட் சின்க்ளேரின் மருத்துவமனை, கிர்க்கேட் தெரு 23ஆம் எண் வீடு. அந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

அந்தக் காலத்தில் என்ன வசதியோடு என்ன செய்தார்கள், அதில் எது இன்னும் சரி, எது தப்பு. அதை எழுதுங்கள்.

#2 கன்றுக்குட்டி_3ம்ஆண்டு

சார், அவர் 1930கள்ல வேலை பார்த்தவர்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்? டிவில அப்படித்தானே வருது.

#3 லீட்ஸ்_தமிழன்

தம்பி, அது கதைக்காகப் பின்னால் தள்ளிய காலம். 1939 டிசம்பரில்தான் பட்டமே வாங்கினார். தெர்ஸ்க்குக்கு வரும்போது போர் நடந்துகொண்டிருந்தது. வந்த கொஞ்ச நாளில் சின்க்ளேர் விமானப்படைக்குப் போய்விட்டார். பட்டம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத ஆள், முன்பின் தெரியாத ஊரில், சில மாதம் தனியாக மொத்தச் சுற்றையும் பார்த்திருக்கிறார். இரவில் கார் விளக்குக்கு மூடி போட்டுத்தான் ஓட்ட வேண்டும், அந்த இருட்டில் மலைமேட்டுப் பண்ணைகளைத் தேடிப் போக வேண்டும். அப்புறம் இவரும் விமானப்படையில் சேர்ந்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு விமானம் ஓட்டத் தகுதியில்லை என்று 1943ல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஊரின் நிலம் தெரிந்தால் வேலை புரியும். தெர்ஸ்க் சமவெளியில் இருக்கிறது. கிழக்கே சில மைலில் சட்டன் பேங்க் செங்குத்து ஏற்றம், அதன் மேல் ஆட்டு மேய்ச்சல் நிலம். மேற்கே டேல்ஸ் பள்ளத்தாக்குகள், பத்துப் பதினைந்து மாடு வைத்த சின்னச் சின்னப் பண்ணைகள். வண்டிக்குதிரை, கறவை மாடு, செம்மறி, பன்றி எல்லாம் ஒரே நாளில் கைக்கு வரும்.

#4 பழைய_ஸ்டெத்

1940ல் ஒரு கிராமத்து மாட்டு டாக்டர் காரின் பின்பெட்டியில் என்ன இருந்திருக்கும் என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

கன்று இழுக்கும் பருத்திக் கயிறு, கழியோடு. வயிற்றில் செத்த கன்றை உள்ளேயே அறுத்து எடுக்கும் எம்பிரியாட்டமி கம்பி. உப்புசத்துக்கு டிரோக்கார், அதாவது வயிற்றைக் குத்திக் காற்றை விடும் கூரிய குழாய். வாயில் மருந்து ஊற்றும் நீளக்கழுத்துப் பாட்டில். கால்சியம் போரோகுளுக்கோனேட் புட்டி, அதை ஏற்ற ரப்பர்க் குழாயோடு ஃபிளட்டர் வால்வ். 1938ல் வந்த எம் அண்ட் பி 693 என்ற சல்ஃபா மாத்திரை, கிருமிக்கு எதிரானது. மிச்சமெல்லாம் பொடி, எண்ணெய், டர்பன்டைன் வகை. பென்சிலின் கிடையாது. அது போர் முடிந்த பிறகுதான் மாட்டுக்கு வந்தது. மடிநோய் முற்றினால் பால் பீய்ச்சிக்கொண்டே இருப்பதும் ஒத்தடமும்தான் வைத்தியம்.

அதனால்தான் இந்த ஆள் மேல் எனக்கு மதிப்பு. மருந்து வேலை செய்யாத இடத்தில் கை வேலை செய்தாக வேண்டும். “அன்பானவர், அதான் மாடு பிழைத்தது” என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும். அன்பு கால்சியம் ஏற்றாது.

#5 பண்ணைக்காரன்_ஈரோடு

வணக்கமுங்க. கன்னுக்குட்டி தலை மடங்கிப் போறது பத்தித்தான் அவர் நிறையச் சொல்லியிருக்காருன்னு கேள்வி. முன்னங்கால் ரெண்டும் வெளிய தெரியுது, தலை வரல. அப்ப என்ன செய்யணும்னு வெவரமாச் சொல்லுங்க. நம்ம பக்கம் நாலு பேரு சேந்து காலைப் புடிச்சு இழுக்கறாங்க.

#6 மருதம்_கால்நடை

அதுதான் செய்யக்கூடாத வேலை அண்ணே. தலை பக்கவாட்டில் விலாவை ஒட்டி மடங்கியிருக்கும்போது காலை இழுத்தால் தோள் மட்டும் இடுப்பெலும்புக்குள் வந்து ஆப்பு மாதிரி இறுகும். அப்புறம் தலையைத் திருப்ப உள்ளே இடமே இருக்காது. முக்கி முக்கிக் கருப்பை கிழிந்த மாடும் உண்டு.

முதலில் இரண்டு காலிலும் தனித்தனிக் கயிறு போட்டுத் தளர்வாக விட்டுவிட வேண்டும். கயிற்றின் கண்ணி குளம்பை அடுத்துள்ள கணு மூட்டுக்கு மேலே, அரை முடிச்சு ஒன்று அதற்குக் கீழே. அப்போதுதான் இழுவை ஒரே இடத்தில் விழாமல் எலும்பு முறியாமல் இருக்கும். பிறகு கன்றின் மார்பில் உள்ளங்கையை வைத்து உள்ளே தள்ள வேண்டும். மாடு முக்கும்போது தள்ளக்கூடாது, முக்கல் விட்ட இடைவெளியில் தள்ளணும். ஒரு சாண் இடம் கிடைத்தால் போதும். கையைக் கழுத்தோடு கொண்டுபோய் மூஞ்சியைத் தேடி, மூக்கு வாய் இரண்டையும் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு நம் பக்கம் திருப்ப வேண்டும். பொத்தாமல் திருப்பினால் கன்றின் பல் கருப்பைச் சுவரைக் கீறும். கை எட்டவில்லை என்றால் கீழ்த்தாடையில் மெல்லிய கயிற்றுக் கண்ணி. அதைத் திருப்ப மட்டும்தான் பயன்படுத்தணும். அதைப் பிடித்துக் கன்றை இழுத்தால் தாடை போய்விடும்.

தலை நேரானதும் இழுவை. ஒரு கால் கொஞ்சம், மறு கால் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இழுத்தால் தோள் சாய்வாக நுழையும். மாடு முக்கும்போது மட்டும் இழுவை. தலை வெளியே வந்ததும் திசையைத் தரையை நோக்கி வளைக்க வேண்டும். இரண்டு பேர் பலத்துக்கு மேல் தேவைப்பட்டால் ஏதோ தப்பு என்று அர்த்தம், மூன்றாவது ஆளைக் கூப்பிடாதீர்கள்.

இன்றைக்கு நமக்கு முதுகுத்தண்டில் லிக்னோகெயின் என்ற மரத்துப்போகும் மருந்தைப் போட்டு முக்கலை நிறுத்தும் வசதி இருக்கிறது. முடியாவிட்டால் சிசேரியன். பிரிட்டனில் மாட்டுக்கு சிசேரியன் போருக்குப் பிறகுதான் பரவலானது. வைட் வந்த புதிதில் கையால் வராத கன்றைக் கம்பியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். குளிர்கால இரவில் சட்டை, பனியன் எல்லாம் கழற்றி, இடுப்புக்கு மேல் வெற்றுடம்போடு, சாணித் தரையில் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, தோள்வரை கையை விட்டு. ஒரு மணி நேரத்தில் கை மரத்துவிடும். மாடு முக்கும்போது இடுப்பெலும்புக்கும் கன்றுக்கும் நடுவில் சிக்கிய மணிக்கட்டு என்ன பாடுபடும் என்பது கைவிட்டவனுக்குத் தெரியும்.

#7 கன்றுக்குட்டி_3ம்ஆண்டு

வாளியில வெந்நீர், சோப்புன்னுதான் எல்லா வர்ணனையும் இருக்கு. சோப்பு போதுமா சார்?

#8 பழைய_ஸ்டெத்

கை கழுவ சோப்பு நல்லது. உள்ளே வழுக்கலுக்கு சோப்பு நல்லதில்லை. இயற்கையான வழவழப்பைக் கழுவி எடுத்துவிடும், அரை மணி நேரத்தில் பாதை வறண்டு வீங்கும். அவர்கள் வேறு வழியில்லாமல் சோப்பு நுரையை உபயோகித்தார்கள். நீ லிக்விட் பாரஃபின் இல்லை சி.எம்.சி. ஜெல் வைத்துக்கொள். பனிக்குடம் உடைந்து நேரம் ஆன கேஸ் என்றால் ஜெல்லை வெந்நீரில் கரைத்துக் குழாயால் உள்ளே விடணும். இரண்டு மூன்று லிட்டர் விடத் தயங்காதே.

#9 சொசைட்டி_செயலர்

ஒரு சந்தேகம். அடம் தள்ளின, அதாவது கருப்பை வெளியே வந்துவிட்ட மாட்டுக்கு சர்க்கரை கொட்டி உள்ளே தள்ளினார்கள் என்று படித்தேன். இது பாட்டி வைத்தியம் மாதிரி இருக்கிறதே. படித்த டாக்டர் செய்கிற வேலையா?

#10 மருதம்_கால்நடை

செயலர் சார், சுத்தமான அறிவியல் அது. வெளியே தள்ளிய கருப்பை ரத்த ஓட்டம் தடைபட்டு நீர் கோத்து ஒரு மூட்டை அளவுக்கு வீங்கிவிடும். வந்த வாசல் சின்னது. சர்க்கரை, சவ்வூடு பரவலால் அந்த நீரை வெளியே இழுக்கும், பத்து நிமிஷத்தில் சுருங்குவது கண்ணுக்கே தெரியும். அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. சொரசொரப்பான சர்க்கரையை அழுத்தித் தேய்த்தால் சவ்வு உரியும், தூவிவிட்டுச் சும்மா இருக்கணும். உப்பைப் போடாதீர்கள், எரிச்சலில் மாடு இன்னும் முக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. பிரிட்டனில் 1940 ஜனவரியிலிருந்து சர்க்கரைக்கு ரேஷன். ஆளுக்கு வாரம் அரை பவுண்டு என்ற அளவில்தான் பெரும்பாலும் கிடைத்தது. ஒரு மாட்டுக்கு ஒரு கிலோ கொட்டினால் ஒருத்தருடைய ஒரு மாதச் சர்க்கரை தொழுவத்தில் போகிறது. விவசாயியின் மனைவி முகம் எப்படி இருந்திருக்கும்!

முறை: கருப்பையைத் தரையில் படவிடாமல் சுத்தமான சாக்கு அல்லது தாம்பாளத்தில் ஏந்த ஆள் வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் கழுவி, ஒட்டியிருக்கும் நஞ்சுக்கொடி எளிதாக உரிந்தால் மட்டும் எடுக்கலாம். வாலடி எலும்புகளுக்கு நடுவில் 2 சதவீத லிக்னோகெயின் 5 மில்லி. படுத்த மாட்டை நெஞ்சில் உட்காரவைத்து, பின்னங்கால் இரண்டையும் நேராகப் பின்னுக்கு இழுத்துவிட்டால் இடுப்பு முன்பக்கம் சாயும், பாதி வேலை குறையும். வாசலை ஒட்டிய பகுதியிலிருந்து உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளணும். விரல் நுனியால் தள்ளினால் ஓட்டை விழும்.

உள்ளே போனதும் வேலை முடிந்தது என்று கையை எடுத்துவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு. கருப்பையின் கொம்பு நுனி உள்ளேயே சட்டைக்கை மாதிரி மடங்கியிருந்தால் இரண்டு மணி நேரத்தில் மறுபடி முக்கி வெளியே தள்ளும். கை எட்டாத நீளத்துக்கு ஒரு சுத்தமான கண்ணாடிப் புட்டியின் அடிப்பக்கத்தால் நுனிவரை நீட்டிவிட வேண்டும். அதன் பிறகுதான் கருப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின் ஊசி. முன்னாடியே போட்டால் கருப்பை வெளியே கல்லாக இறுகிக்கொள்ளும். கூடவே கால்சியம், இந்த மாடுகளில் நிறைய கால்சியம் குறைந்தவை.

#11 பண்ணைக்காரன்_ஈரோடு

கால்சியம்னதும் கேக்கறேன். பால் காய்ச்சலுக்கு மடிக்குள்ள காத்து அடிப்பாங்களாமே, நெசமா?

#12 பழைய_ஸ்டெத்

நிஜம்தான். 1900 வாக்கில் வந்த முறை. சைக்கிள் பம்பு மாதிரி ஒன்றால் நான்கு காம்பிலும் காற்றடித்து, மடி இறுகியதும் காம்பை நாடாவால் கட்டிவிடுவார்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் பால் சுரப்பு நிற்கும், ரத்தத்துக் கால்சியம் பாலில் போவது நிற்கும், மாடு எழுந்துவிடும். வேலை செய்தது, ஆனால் ஏன் என்று தெரியாமலே செய்தார்கள். 1925ல் எடின்பரோவில் டிரையரும் கிரெய்க்கும் கால்சியம் குறைவுதான் காரணம் என்றார்கள். பம்பு சுத்தமாக இல்லாவிட்டால் மாடு எழும், மடி போகும்.

வைட் வேலைக்கு வந்தபோது கால்சியம் போரோகுளுக்கோனேட் வந்துவிட்டது. மாட்டு டாக்டருக்கு ஊரில் பேர் வாங்கிக் கொடுத்த மருந்து அது ஒன்றுதான் என்பேன். பால் காய்ச்சல் வந்த மாடு கன்று போட்டு இரண்டு மூன்று நாளுக்குள், கழுத்தை எஸ் மாதிரி மடித்து விலாவில் தலை வைத்துப் படுத்திருக்கும், காது சில்லென்று இருக்கும், மூக்கு வறண்டிருக்கும். 400 மில்லி ஏற்றி முடிப்பதற்குள் உடம்பு நடுங்கும், ஏப்பம் விடும், சாணி போடும். அடுத்து எழுந்து நிற்கும். வீட்டுக்காரர் கும்பிடுவார்.

தப்பு நடக்கும் இடங்கள் இன்றும் அதேதான். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். புட்டியை மாட்டின் உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, குறைந்தது பத்துப் பதினைந்து நிமிஷம், இன்னொரு கையில் ஸ்டெத். துடிப்பு தாறுமாறானால் நிறுத்து. படுத்த மாட்டைப் பக்கவாட்டில் சாயவிடாதே, இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை முட்டுக்கொடுத்து நெஞ்சில் உட்காரவை. வாயில் எதையும் ஊற்றாதே, விழுங்கும் சக்தி இருக்காது, நுரையீரலுக்குப் போய் நாலாம் நாள் செத்துப்போகும். எழுந்ததும் மடியை ஒட்டக் கறக்காதே, முதல் நாள் கன்றுக்கு வேண்டிய அளவு போதும்.

#13 லீட்ஸ்_தமிழன்

குடும்பம் பக்கம் யாரும் வரவில்லையே. 1941 நவம்பர் 5, தெர்ஸ்க் மேரி மேக்டலின் தேவாலயத்தில் ஜோன் டான்பரியுடன் கல்யாணம். தேனிலவு எங்கே தெரியுமா? வென்ஸ்லிடேலில் கார்பர்பி கிராமத்து விடுதியில், மாடுகளுக்குக் காசநோய் சோதனை போட்டுக்கொண்டே. மனைவியும் கூடவே போனார்.

மகன் 1943ல், மகள் 1947ல். சின்ன வயதிலிருந்தே இரண்டு பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு பண்ணை சுற்றுவார். கேட்டைத் திறந்து மூடுவது பிள்ளைகள் வேலை. யார்க்‌ஷயரில் ஒரு பண்ணைக்குப் போக ஏழெட்டு கேட் இருக்கும், தனியாகப் போகிற டாக்டர் ஒவ்வொன்றுக்கும் இறங்கி ஏற வேண்டும். மகன் கிளாஸ்கோவிலேயே படித்து அப்பாவுடன் வேலைக்குச் சேர்ந்தார். மகளும் அதே ஆசையோடு இருந்தார். பெண்ணுக்கு இந்த முரட்டு வேலை வேண்டாம் என்று அப்பா தடுத்துவிட்டார். அவர் மனிதருக்கு டாக்டரானார், அதே ஊரில். இந்த விஷயத்தில் மட்டும் வைட் தப்புக் கணக்குப் போட்டார் என்பது என் கருத்து. இன்று பிரிட்டன் கால்நடைக் கல்லூரிகளில் பெண்கள்தான் அதிகம்.

#14 கன்றுக்குட்டி_3ம்ஆண்டு

எங்க வகுப்புலயும் பாதிக்கு மேல பொண்ணுங்கதான் அண்ணா :) அந்தக் காசநோய் சோதனைக்கு ஏன் அவ்ளோ நாள்?

#15 பழைய_ஸ்டெத்

ஊசி போட்ட அன்றைக்கே முடிவு தெரியாது, அதுதான். மூன்று நாள் கழித்து அதே மாட்டை மறுபடி பிடிக்கணும். பின்னாளில் நிலைத்த ஒப்பீட்டு முறையில் கழுத்தில் இரண்டு இடத்தில் முடியை வெட்டி, தோல் மடிப்பின் கனத்தைக் காலிப்பரால் அளந்து எழுதிக்கொண்டு, மேலே பறவைக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த சோதனை மருந்து (டியூபர்குலின்), கீழே மாட்டு டியூபர்குலின், தலா 0.1 மில்லி தோலுக்குள்ளேயே. தோலுக்கு அடியில் போய்விட்டால் சோதனை வீண், பட்டாணி மாதிரி சின்னப் புடைப்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். 72 மணி நேரத்தில் மறுபடி அளவு. கீழ்ப்புடைப்பு மேலதைவிட 4 மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாக இருந்தால் நோய் உள்ள மாடு. பறவை வகைக் கிருமி பட்ட மாடு மேலே வீங்கும், அதை நோய் என்று கணக்குப் போட்டுக் கொன்றுவிடக்கூடாது என்பதற்காகத்தான் இரண்டு ஊசி.

கட்டிப் பழக்கமில்லாத இளங்கன்றுகளைப் பிடிப்பதில் போகும் நேரம்தான் அதிகம். புகழ் கிடையாது, கதை கிடையாது, காது எண்ணை எழுது, அளவை எழுது. ஆனால் பிரிட்டனில் 1960 அக்டோபரில் நாடு முழுவதும் சோதனை வளையத்துக்குள் வந்தது இந்தச் சலிப்பான வேலையால்தான். காய்ச்சாத பாலில் பிள்ளைகளுக்குக் கழுத்து நெறிக்கட்டி காசநோய் வந்த காலம் அது. வைட் காப்பாற்றிய உயிர்களைக் கணக்கெடுத்தால் இரவுப் பிரசவங்களைவிட இந்தக் காலிப்பர் முந்தும்.

#16 மருதம்_கால்நடை

சரியாகச் சொன்னீர்கள் ஐயா. அவர் கொடுத்த விலையையும் சொல்லணும். மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லோசிஸ் அவருக்கு வந்தது, வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பக் காய்ச்சல். எப்படி வந்திருக்கும் என்பதில் மர்மம் இல்லை. நஞ்சு விழாத மாட்டுக்கு மூன்றாம் நாள் கையை விட்டு உரித்தெடுப்பது அன்றைய வழக்கம். அங்கே ‘கிளென்சிங்’ என்பார்கள். ஒரு நாளில் ஒன்றுக்கு மேல்கூட வரும். வெறுங்கை. கருச்சிதைவு ஆன மாட்டின் நஞ்சில் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும், கையில் ஒரு சிராய்ப்பு போதும். நாற்றம் இரண்டு நாளைக்குப் போகாது, அது வேறு.

இன்று மனிதருக்கு டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் ஆறு வாரம் என்று தெளிவான சிகிச்சை இருக்கிறது. இரண்டு வாரத்தில் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுகிறார்கள், அப்போதுதான் திரும்ப வரும். கிடேரிக் கன்றுக்கு நாலிலிருந்து எட்டு மாதத்துக்குள் தடுப்பூசி, ஆயுளுக்கு ஒரு முறை. அது உயிருள்ள கிருமி, போடும்போது ஊசி உங்கள் விரலில் குத்தினால் நோய் உங்களுக்கு. கண்ணாடி, கையுறை கட்டாயம்.

#17 லீட்ஸ்_தமிழன்

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். 1960களின் தொடக்கத்தில் அவருக்குக் கடுமையான மன அழுத்தம் வந்து மின்னதிர்ச்சி சிகிச்சைவரை போனது. மகன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வெளிப்படையாகவே இருக்கிறது. சிரித்த முகத்தோடு சுற்றினவர் என்றுதான் ஊர் நினைத்தது. இரவுத் தூக்கம் இல்லாத இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பணம் வந்த பிறகும் ஊரை விடவில்லை. 1970களில் பிரிட்டனில் உச்ச வருமான வரி 83 சதவீதம், எழுத்தாளர்களும் பாடகர்களும் வெளிநாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். இவர் கட்டிவிட்டு இருந்தார். மாலையில் வரவேற்பறையில் வீட்டாரோடு டிவி பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்வார், தனி அறைகூட வைத்துக்கொள்ளவில்லை. புனைபெயரும் அடக்கத்துக்காக வைத்ததில்லை. கால்நடை டாக்டர் விளம்பரம் செய்யக்கூடாது என்று தொழில் விதி இருந்தது. டிவியில் கால்பந்து பார்த்தபோது கோல்கீப்பராக நின்றவர் பேரை எடுத்துக்கொண்டார்.

#18 சொசைட்டி_செயலர்

சர்க்கரை விஷயத்தில் என் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

#19 பண்ணைக்காரன்_ஈரோடு

நஞ்சு பத்திச் சொன்னீங்க. இங்க விழாத நஞ்சுல கல்லோ பழைய செருப்போ கட்டித் தொங்க விடறாங்க. அது சரிங்களா?

#20 மருதம்_கால்நடை

வேண்டாம் அண்ணே. கனம் தொங்கினால் கருப்பையும் கூடவே இழுபட்டு அடம் தள்ளும், இல்லாவிட்டால் பாதி அறுந்து மீதி உள்ளே அழுகும். மாட்டுக்குக் காய்ச்சல் இல்லை, தீனி எடுக்கிறது என்றால் விட்டுவிடுங்கள், பத்து நாளுக்குள் பெரும்பாலும் தானாக விழும். தொங்குவது தரையைத் தொட்டு மாடு மிதிக்கிறது என்றால் பின்னங்கால் முட்டி உயரத்தில் கத்தரித்துவிடலாம். 103க்கு மேல் காய்ச்சல், தீனி குறைவு, சொட்டும் நீர் சாக்லேட் நிறத்தில் நாறினால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். விழுந்ததை நாய் தூக்கிப்போக விடாதீர்கள். தண்ணீர் தொட்டிக்கும் கிணற்றுக்கும் தள்ளி நாலடிப் பள்ளம் வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம். தோள்வரை வரும் பிளாஸ்டிக் கையுறை மருந்துக்கடையில் கிடைக்கும்.